பத்மினியும் ஒரு ரத்தப் பரிசோதனையும்

அன்புள்ள அம்மிணிக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் சுகமா?

போன ஞாயிற்றுக்கிழமை நம்ம பழைய பத்மினி காரை ஒரு கார் மீட்டுக்கு (பழைய கார்க்காரர்கள் கூடும் கூட்டம்) எடுத்துப் போனேன். கோயம்புத்தூரில் பழைய கார் பிரியர்களுக்கா பஞ்சம்? அம்பாசடர், காண்டெசா, அந்தக் காலத்தில் சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று பள்ளி மைதானம் நிறைந்துவிட்டது. காருக்கு 1000 ரூபாய் கட்டணம், ஏறி ஒரு ரவுண்டு வர ஆளுக்கு 100. பணம் நேராக மருத்துவமனைக் கணக்குக்கே போகிற மாதிரி பசங்க ஏற்பாடு செய்திருந்தார்கள்.

எல்லாம் ஒரு வயசுப் பெண் குழந்தைக்காக. எஸ்எம்ஏ என்கிற தண்டுவடத் தசைநார் சிதைவு நோய். தசையை இயக்கும் நரம்பணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகின்றன. ஒரே தடவை ஏற்றும் சோல்ஜென்ஸ்மா மருந்து ஏறக்குறைய 16 கோடி ரூபாய். செத்த அணு திரும்பி வராது என்பதால் ஒவ்வொரு மாதமும் முக்கியம்.

சளி பிடித்தால் ஆபத்து என்று குழந்தையைக் கூட்டத்துக்குள் கொண்டுவரவில்லை. தள்ளி, வேப்பமரத்தடியில் தாய் மடியில் வைத்திருந்தாள். கழுத்து நிற்கவில்லை. மூச்சை இழுக்கும்போது நெஞ்சு உள்வாங்கி, வயிறு மட்டும் உப்பியது. ஆனால் அந்தக் கண் இருக்கிறதே, அப்படி ஒரு துறுதுறுப்பு! பத்மினியின் இண்டிகேட்டரை இடமும் வலமுமாக மாற்றி மாற்றிப் போட்டேன். பார்வை கூடவே ஓடியது.

அன்றைய வசூலில் அந்த மருந்து வாங்க முடியாது. தெரிந்துதான் அத்தனை பேரும் வந்தோம். மூச்சுக் கருவிக்கும் பிசியோதெரபிக்குமாவது ஆகும்.

குழந்தையின் அப்பா சொன்னதைக் கேட்டதிலிருந்து உனக்கு எழுதவேண்டும் என்றே இருந்தது. இரண்டு குடும்பத்திலும் இதற்கு முன் யாருக்கும் இந்த நோய் வந்ததில்லையாம். சுமார் 50 பேரில் ஒருவர் தனக்கே தெரியாமல் இந்த மரபணுக் குறையைச் சுமக்கிறார். தாய், தகப்பன் இருவருக்கும் அது இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. ரத்தப் பரிசோதனையில் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

நீங்கள் குழந்தைக்கு யோசிப்பதாக அம்மா சொன்னாள். அப்பன் மகளிடம் பேசுகிற விஷயமா என்று கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன், முதலில் நீ பரிசோதனை செய்துகொள். உனக்கு இருப்பதாகத் தெரிந்தால் மாப்பிள்ளையும் செய்துகொள்ளட்டும். சம்பந்தி வீட்டில் யாராவது முகம் சுளித்தால் நான் பேசிக்கொள்கிறேன்.

அடுத்த மீட் பொள்ளாச்சியில். கார்புரேட்டரைச் சுத்தம் செய்யக் கொடுத்திருக்கிறேன். டாக்டரிடம் நாள் குறித்ததும் போன் பண்ணு சாமி.

அன்புடன்,
அப்பா