உட்காரச் சட்டம் செய்தீர்கள், எழுந்திருக்கவும் செய்யுங்கள்

தமிழ்நாடு தொழிலாளர் நலத் துறைக்கு,

வணக்கம். சென்னை ஐடி கம்பெனி ஒன்றுக்குத் தென்காசியில் என் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறேன். எங்களை மறுபடி ஆபீசுக்குக் கூப்பிடச் சொல்லி இதை எழுதவில்லை. சென்னை ஐடி கம்பெனிகள் இருக்கும் ஓஎம்ஆர் சாலை நெரிசலில் நின்று பார்த்த யாரும் அதைக் கேட்க மாட்டார்கள். வேலை வீட்டிலேயே இருக்கட்டும். அதற்கு முடிகிற நேரம் என்று ஒன்று வேண்டும்.

காலை ஒன்பதரைக்கு இங்குள்ள டீமோடு மீட்டிங். சாயங்காலம் ஆறரைக்கு நியூயார்க்கில் மணி ஒன்பது. கிளையன்ட் கால் அப்போதுதான் ஆரம்பிக்கும். நவம்பர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்புவார்கள். மறுநாள் முதல் அதே கால் இங்கே ஏழரைக்கு. மார்ச் வரை எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடும் தள்ளிப்போகும். அப்புறம், ‘அஞ்சு நிமிஷம்தான்’ என்று ஒரு வாட்ஸ்அப்.

நடுவே ஓய்வு கிடைக்கிறதே என்பார்கள். அந்த நேரத்திலும் டீம்ஸ் செயலியில், நாங்கள் கணினி முன்னால் இருக்கிறோம் என்று காட்டும் பச்சைப் புள்ளி மஞ்சளாகிவிடக் கூடாது. குக்கரை இறக்கப் போகும்போதுகூட மவுஸை ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் போகிறோம்.

1947ஆம் ஆண்டு கடைகள், நிறுவனங்கள் சட்டம் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 என்கிறது. இடைவேளையும் சேர்த்து ஒரு நாள் வேலை 12 மணி நேரத்துக்கு மேல் நீளக் கூடாது என்கிறது. மிகைநேரத்துக்கு இரட்டைக் கூலி. கடையில் ஷட்டரை இறக்கினால் ஆய்வாளருக்குத் தெரியும், என் வீட்டில் எதைப் பார்ப்பார்? கணினியில் நாங்கள் எப்போது நுழைந்தோம், எப்போது வெளியேறினோம் என்று காட்டும் லாக்-இன் பதிவைப் பார்க்கலாம். எங்களைக் கண்காணிக்க அது போதுமென்றால், எங்கள் வேலை நேரத்தை எண்ணவும் போதும்.

இதே சட்டத்தில்தான் 2021இல் திருத்தம் கொண்டுவந்து, நாளெல்லாம் நின்ற கடை ஊழியர்களுக்கு இருக்கை கொடுத்தீர்கள். நல்ல காரியம். எங்களுக்கோ எழுந்திருக்க வழியில்லை. வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பைத் துண்டிக்கும் உரிமை பிரான்சில் 2017 முதல் நடைமுறையில் இருக்கிறது, ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் முதல். நம் மக்களவையில் 2018இல் தனிநபர் மசோதாவாக வந்தது, சட்டமாகவில்லை.

இந்தச் சட்டத்திலேயே இன்னொரு திருத்தம் போதும். வேலை நேரம் எழுத்தில் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு வரும் அழைப்பை எடுக்காதது அப்ரைசலில் குறையாக ஏறக் கூடாது. எப்போது கூப்பிட்டாலும் வரத் தயாராக இருக்கும் ஆன்-கால் முறை என்றால் தனிச் சம்பளம். லாக்-இன் பதிவை ஆய்வாளர் கேட்டால் காட்ட வேண்டும்.

வேலையெல்லாம் வேறு மாநிலத்துக்குப் போய்விடும் என்று பயமுறுத்துவார்கள். இரவு ஏழரைக்குக் கிளையன்ட் கால் வேண்டுமா, சரி, வருகிறோம். அன்றைக்கு மதியம்தான் வேலை தொடங்கும். கிளையன்ட்டுக்கு இதில் ஒரு நிமிடமும் குறையாது.

கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தால் எங்களையும் கூப்பிடுங்கள். பகலில் வையுங்கள், வந்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
தென்காசியிலிருந்து ஓர் ஐடி ஊழியர்