முன்பணம் வாங்குகிறவர்கள் பதிலும் சொல்ல வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெங்களூரு அல்சூரில் பிறந்து வளர்ந்து, பீனியா தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் வார்க்கும் எஃகு மோல்டு, அதாவது அச்சு, செய்யும் பட்டறை ஒன்றில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வேலை பார்ப்பவன் நான். திரைப்படப் பாத்திரங்களின் ஆக்‌ஷன் ஃபிகர்களை, அதாவது கை கால் மடங்கும் பிளாஸ்டிக் பொம்மைகளை, சேகரிப்பது என் வழக்கம். எங்களை நாங்களே கலெக்டர் என்று சொல்லிக்கொள்வதுண்டு. மாவட்ட ஆட்சியருக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை என்று என் மாமனாருக்கு விளங்கவைக்கவே கொஞ்ச காலம் பிடித்தது. பத்தொன்பது மாதங்களுக்கு முன் முழுப் பணமும் கட்டி முன்பதிவு செய்திருந்த ஃபிகர் ஒன்று இனி வராது என்று, அதை இறக்குமதி செய்து விற்பவரிடமிருந்து சென்ற மாதம் இரண்டு வரி மின்னஞ்சல் வந்தது. கட்டிய 18,400 ரூபாய் வங்கிக் கணக்குக்குத் திரும்பாது, அதே கடையில் வேறு ஏதாவது வாங்கிக்கொள்ளும் வரவாக ஆறு மாதம் வரை செல்லும் என்பது இரண்டாவது வரி. இந்த நகரத்தில் எனக்குத் தெரிந்தே பத்துப் பன்னிரண்டு பேருக்கு இதே அனுபவம் உண்டு. பொம்மைக்காகப் புகார் கொடுப்பதா என்ற கூச்சத்தில் அவர்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை என்பதால்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

வயது வந்தவருக்குப் பொம்மை எதற்கு என்று கேட்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை, எங்கள் வீட்டுக் கொலுவைப் பற்றிச் சொல்வேன். பண்ருட்டியிலிருந்து பாட்டி வாங்கிவந்த தசாவதார செட்டில், வீடு மாறும்போது கூர்மம் மட்டும் உடைந்துபோனது. அதே உயரத்தில், அதே பழைய வண்ணத்தில் இன்னொன்று தேடி அம்மா எட்டு நவராத்திரிகளைக் கழித்தார். மச்சத்துக்கும் வராகத்துக்கும் நடுவில் அந்த இடத்தை விட்டு ஒரு சின்னக் கலசத்தை வைத்திருப்பார்; வெற்றிலை பாக்கு வாங்கிக்கொள்ள வருகிற பெண்கள் மற்ற ஒன்பதையும் விட்டுவிட்டு அந்தக் கலசத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். செட்டு என்றால் என்ன என்பதைத் தமிழ் வீடுகளுக்கு இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. என் அலமாரியிலும் அப்படி ஓர் இடம் இருக்கிறது. ஒரு வரிசையில் ஏழு ஃபிகர்கள், ஏழு பெட்டியிலும் ஒரு பெரிய உருவத்தின் ஒவ்வோர் உறுப்பு, ஏழையும் வாங்கினால் உறுப்புகளைப் பூட்டி எட்டாவதாக ஒரு ராட்சதனை எழுப்பலாம் என்பது ஏற்பாடு. ஐந்து பெட்டிகள் வந்தன. ஆறாவதும் ஏழாவதும் இந்தியாவுக்கு வரவே இல்லை. இடது காலும் தலையும் இல்லாத ராட்சதன் ஒருவன் மூன்று ஆண்டுகளாக என் பழைய மைக்ரோமீட்டர் பெட்டியின்மேல் சாய்ந்து நிற்கிறான்.

தாமதம் ஏன் வருகிறது என்பது எனக்குத் தெரியாததல்ல, அந்த வேலையில்தான் சோறு தின்கிறேன். மூட்டுகள் நன்றாக மடங்கும் ஆறங்குல ஃபிகர் ஒன்றைக் கழற்றிப் போட்டால் இருபது முப்பது பாகங்கள் தேறும். கெட்டியாக நிற்க வேண்டிய மூட்டுக்கு ஏ.பி.எஸ்., வளைய வேண்டிய அங்கிக்கு பி.வி.சி. எனப் பிளாஸ்டிக் வகையும் வேறுபடும். ஒவ்வொரு பாகத்துக்கும் எஃகில் மோல்டின் மேட்டுப் பாதியும் குழிப் பாதியும் வெட்டி, கணினி வழி வெட்டும் சி.என்.சி. புக முடியாத மூலைகளை மின்பொறியால் அரிக்கும் ஸ்பார்க் மெஷினில் எடுத்து, பாலிஷ் போட்டு, உருகிய பிளாஸ்டிக்கைச் செலுத்தி முதல் சோதனை ஷாட் அடித்துப் பார்த்தால், தொடையின் கனமான இடத்தில் குழி விழுந்திருக்கும், அல்லது இரண்டு பாதிகள் சேரும் கோட்டில் ஃபிளாஷ் என்னும் மெல்லிய பிளாஸ்டிக் விளிம்பு பிதுங்கியிருக்கும். மோல்டை இறக்கி மறுபடி வேலை செய்து மெஷினில் ஏற்றுவதற்குள் வாரங்கள் ஓடிவிடும். ராஜாஜிநகரில் அரசின் டூல் ரூம் பயிற்சி மையமான ஜி.டி.டி.சி.யில் நான் பயிற்சி பெற்ற நாட்களில் எங்கள் ஆசிரியர், முதல் ஷாட்டிலேயே சரியாக வந்த மோல்டை இன்னும் பார்க்கவில்லை என்பார்; நானும் பார்க்கவில்லை. இது ஆலைக்குள் நடப்பது மட்டும். முகச்சாயலுக்கு நடிகர் தரப்பும், உடைக்கும் ஆயுதத்துக்கும் ஸ்டூடியோவும் ஒப்புதல் தர வேண்டும். படம் வெளியாகும் நாளில் பொருள் கடையில் இருக்க வேண்டுமென்றால் படம் முடியும் முன்பே சிற்பத்தைத் தொடங்கியாக வேண்டும் என்பதால், கடைசி நேரத்தில் உடை மாறினால் எஃகும் மாற வேண்டியிருக்கிறது. இந்தத் தொழில் பெரும்பாலும் சீனாவில், குறிப்பாக குவாங்டாங் மாகாணத்தில் குவிந்திருப்பதால், சீனப் புத்தாண்டு விடுமுறையும் கன்டெய்னர் தட்டுப்பாடும் அப்படியே எங்கள் அலமாரியில் வந்து விடிகின்றன. 2025 ஏப்ரலில் அமெரிக்கா சீனப் பொருள்கள் மீதான வரியை 145 சதவீதத்துக்கு உயர்த்தியபோது அமெரிக்கப் பொம்மை வணிகர்கள் ஆர்டர்களை நிறுத்திவைத்தார்கள். முதன்மை வாடிக்கையாளர் நிறுத்தினால் மெஷினும் நிற்கும்; அதே மோல்டிலிருந்து வர வேண்டிய நம் ஊர்ப் பங்கும் நிற்கும்.

படமும் பொம்மையும் சேர்ந்து வராதது இந்தத் தொழிலுக்குப் பிறவியிலேயே வந்த குணம். ‘ஸ்டார் வார்ஸ்’ 1977 மே மாதம் வெளியானது. உரிமம் பெற்ற கென்னர் நிறுவனத்தால் அந்தக் கிறிஸ்துமசுக்குள் ஃபிகர்களைச் செய்து முடிக்க முடியவில்லை. ஆகவே காலி அட்டை உறை ஒன்றை விற்றார்கள். அதற்குள் இருந்த சான்றிதழை அஞ்சலில் அனுப்பினால் லூக், லியா, சூபாக்கா, ஆர்2-டி2 ஆகிய நான்கும் 1978-ல் வீட்டுக்கு வரும் என்று ஏற்பாடு, வரவும் வந்தன. வெறும் அட்டையை விற்றார்கள் என்று இன்றும் கேலி செய்கிறார்கள். என் கணக்கில் அது நாணயமான வியாபாரம். எந்த நான்கு, எப்படி வரும் என்பதைச் சொல்லித்தானே காசு வாங்கினார்கள்? எதிர்ப்புறமாகவும் நடந்திருக்கிறது. 2012 ஜூனில் வர வேண்டிய ‘ஜி.ஐ. ஜோ: ரிடாலியேஷன்’ படத்தை, ஃபிகர்கள் கடைகளுக்குப் போகத் தொடங்கிய பிறகு 2013 மார்ச்சுக்குத் தள்ளினார்கள். ‘பிளாக் விடோ’ படத்துக்கான ஃபிகர்கள் 2020 தொடக்கத்திலேயே கடைக்கு வந்துவிட்டன. பெருந்தொற்றால் படம் 2021 ஜூலையில்தான் வந்தது.

ரத்தாவதும் அப்படித்தான். போதிய ஆள் சேராவிட்டால் ரத்து என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டு, அதன்படி நடந்த உதாரணம் கண்முன் இருக்கிறது. ஹாஸ்ப்ரோ என்ற அமெரிக்கப் பொம்மை நிறுவனம் 2018-ல் ‘ஸ்டார் வார்ஸ்’ வரிசையின் பிரம்மாண்டமான பாய்மரப் படகுப் பொம்மை ஒன்றுக்கு 5,000 பேர் முன்வந்தால் செய்வோம் என்றது. 8,800 பேருக்கு மேல் சேர்ந்ததால் செய்தார்கள். அதே நிறுவனம் 2021-ல் ராங்கர் என்ற மிருகத்துக்கு 9,000 பேர் கேட்டது. அத்தனை பேர் சேரவில்லை, கெடு முடிந்தது, கைவிட்டார்கள், இலக்கு எட்டாததால் ஒருவர் அட்டையிலிருந்தும் பணம் எடுக்கவில்லை. எத்தனை பேர் வேண்டும், எத்தனை பேர் சேர்ந்தார்கள், கடைசி நாள் எது என்ற மூன்றும் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்த இடத்தில் இருந்தன. வருத்தப்பட்டவர்கள் இருந்தார்கள், ஏமாந்தவர்கள் இல்லை.

நம் ஊர் முன்பதிவில் இந்த மூன்றில் ஒன்றும் தெரிவதில்லை. என் 18,400 ரூபாயின் கதையையே சொல்கிறேன். ‘எதிர்பார்க்கும் வரவு: இரண்டாம் காலாண்டு’ என்று போட்டிருந்தது; எந்த ஆண்டின் இரண்டாம் காலாண்டு என்று போடவில்லை என்பதை அப்போது கவனிக்காதது என் தவறு. அந்த வரி பிறகு நான்காம் காலாண்டு ஆனது, மறு ஆண்டு ஆனது, ஒருநாள் ‘விரைவில்’ ஆனது. ஒவ்வொரு முறையும் இணையப் பக்கத்தில் சத்தமில்லாமல் மாறியதே தவிர, பணம் கட்டியவர்களுக்கு ஒரு குறுஞ்செய்தி இல்லை. நான் ஏழு மின்னஞ்சல் அனுப்பினேன். மூன்றுக்கு ஒரே பதில், அட்சரம் பிசகாமல். மீதி நான்கும் கிணற்றில் போட்ட கல். இதற்கிடையில் ஜப்பானிய, அமெரிக்கக் கடைகளின் பக்கங்களைப் பார்த்ததில், அந்த ஃபிகரைத் தயாரிப்பாளர் கைவிட்ட செய்தி அங்கே பதினோரு மாதங்களுக்கு முன்பே வந்துவிட்டது தெரிந்தது. ஆக, செய்யவே போவதில்லை என்று உலகுக்குத் தெரிந்த பிறகும் பதினோரு மாதம் என் பணம் அவரிடம் வட்டியில்லாக் கடனாக இருந்திருக்கிறது. என்னைப் போல் இருநூறு பேர் கட்டியிருந்தால் அது எவ்வளவு என்று வாசகர்களே பெருக்கிப் பார்க்கட்டும். சிறிய இறக்குமதியாளருக்கும் சிரமம் உண்டு, அவரும் முன்பணம் கட்டித்தான் ஆர்டர் போடுகிறார் என்பதை மறுக்கவில்லை. அமெரிக்காவில் காமிக்ஸ், பொம்மை விநியோகத்தில் பல பத்தாண்டுகள் கோலோச்சிய டயமண்ட் நிறுவனமே 2025 ஜனவரியில் திவால் பாதுகாப்பு கோரி நீதிமன்றம் போயிற்று. மேலே இப்படி ஆட்டம் கண்டால் கீழே இருப்பவர் என்ன செய்வார்? நடந்ததைச் சொல்லலாம். அதற்குச் செலவில்லை.

நான் சிறுவனாக இருந்தபோது இந்தச் சிக்கல் எழவே வழியில்லை. எம்.ஆர்.எஃப். குழுமத்தின் ஃபன்ஸ்கூல் கோவாவில் செய்த ஜி.ஐ. ஜோ பொம்மைகள் கமர்ஷியல் தெருவில் கிடைக்கும். அமெரிக்கப் பதிப்பில் இல்லாத விசித்திரமான நிறங்களில் வந்த அவற்றை இன்று வெளிநாட்டவர் தேடி வாங்குகிறார்கள். அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்து, அப்பா காசு கொடுத்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வருவேன். கையிலே காசு, வாயிலே தோசை. இறக்குமதிப் பொம்மைகளின் அடிப்படைச் சுங்கவரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023-ல் 70 ஆகவும் உயர்ந்ததும், 2021 ஜனவரி 1 முதல் பி.ஐ.எஸ். தரச்சான்று கட்டாயமானதும் நாட்டுத் தொழிலுக்கு நல்லவைதான். அந்தத் தொழிலில் இருக்கிற நான் அவற்றைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால், வரியையும் சான்றையும் காரணம் காட்டிக் கடைசி நேரத்தில் கூடுதல் தொகை கேட்பவர்கள், முன்பதிவு வாங்கும் நாளிலேயே அதைக் கணக்கிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். அந்த விகிதம் அரசிதழில் இருக்கிறது, ரகசியமல்ல.

நான் கேட்பது புதிய சட்டம் அல்ல. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2020-ல் வந்த மின்-வணிக விதிகளின்படி, இணையத்தில் விற்கும் நிறுவனம் குறைதீர் அலுவலர் ஒருவரை நியமித்து அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தன் தளத்தில் காட்ட வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். விற்பவர் வேறு ஊரில் இருந்தாலும் வாங்கியவர் தான் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே முறையிடலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் கிடையாது. அதற்கு முன் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் பேசிப் பார்க்கலாம். பொம்மை என்பதால் இவற்றில் எதிலும் விலக்கு இல்லை. முன்பதிவுக்கு முழுத் தொகைக்குப் பதில் ஒரு சிறு பங்கை மட்டும் வாங்குவது, தேதி மாறும்போதெல்லாம் காரணத்தோடு வாங்கியவருக்கு எழுதுவது, ரத்தானால் பணத்தை வந்த வழியிலேயே திருப்பித் தருவது ஆகியவற்றை விற்பனையாளர்கள் தாங்களாகவே வழக்கமாக்கிக்கொண்டால் ஆணையத்தின் படி ஏறும் வேலை எங்களுக்கும் மிச்சம். ஒயிட்ஃபீல்டில் நடக்கும் காமிக்ஸ் திருவிழாவில் கடை விரிப்பவர்கள், பலகையில் ‘முன்பதிவு நடைபெறுகிறது’ என்று எழுதும்போதே ரத்து விதிமுறையையும் அதே அளவு எழுத்தில் எழுதிவைக்கலாம்.

இதைச் சொல்லிவிட்டு நான் சும்மா இருக்கக் கூடாது என்பதால், கூச்சத்தைத் தள்ளிவைத்து, சென்ற திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அந்த விற்பனையாளரின் குறைதீர் முகவரிக்கு ரசீது, பழைய மின்னஞ்சல்கள், மாறிய தேதிகளின் படங்கள் அனைத்தையும் இணைத்து முறைப்படி புகார் அனுப்பினேன். 48 மணி நேரம் புதன்கிழமை காலையோடு முடிந்தது. இதை எழுதும் வெள்ளிக்கிழமை இரவு வரை அதே முகவரியிலிருந்து எனக்கு இரண்டு மின்னஞ்சல்கள் வந்திருக்கின்றன. இரண்டும் புதிய முன்பதிவுகளுக்கான விளம்பரம்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்,
அல்சூர், பெங்களூரு.