துப்பறியும் கதை வாசகர் வட்டம், யாழ்ப்பாணம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

இவ்வாண்டு 10 மாதாந்தக் கூட்டங்கள் நடைபெற்றன. நல்லூர்த் திருவிழாவுக்காக ஆவணிக் கூட்டத்தை நாம் கைவிட்டோம். மார்கழிக் கூட்டத்தை மழை கைவிட்டது. வாணி விழா வழமைபோல் நடந்தது.

கதைத் துப்பறிவாளர் ஷெர்லக் ஹோம்ஸின் மனம் யார் பக்கம் என்று நான் ஒழுங்குசெய்த விவாதத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வராதவர்களே அதைப் பற்றி அதிகம் கதைத்துத் திரிகிறார்கள். 40 றோல்ஸுக்குச் சொல்லியிருந்தோம்; வந்தவர்கள் 9 பேர்.

அதற்காக 60 கதைகளையும் மறுபடி வாசித்து ஒரு சீ.ஆர். கொப்பியில் குறிப்பெடுத்திருந்தேன். ஐரீன் அட்லர் என்ற பெண் மீது ஹோம்ஸுக்கு இருந்தது காதல் அன்று என்று 1891ஆம் ஆண்டுக் கதையின் தொடக்கத்திலேயே, கதைகளைச் சொல்லும் அவருடைய தோழர் வாட்சன் எழுதிவிடுகிறார். ஆனால் அதே வாட்சனின் தொடையில் குண்டு உரசியபோது ஹோம்ஸ் பேனாக்கத்தியால் காற்சட்டையைக் கிழித்துக் காயத்தைப் பார்க்கிறார். அவருடைய உதடுகள் நடுங்குகின்றன. 1899இல் வில்லியம் ஜில்லெற்றின் நாடகம் அவருக்கு ஒரு காதலியைக் கொடுத்தது. 1970இல் பில்லி வைல்டரின் படத்தில், நடனக்காரி ஒருத்தியிடமிருந்து தப்புவதற்காக ஹோம்ஸ், வாட்சனே தன் துணை என்று சாடை காட்டிவிடுகிறார். வாட்சன் துள்ளிக் குதிக்கிறார். 2012இல் தொடங்கிய அமெரிக்கத் தொடரில் வாட்சன் பெண். அங்கேயும் காதல் இல்லை.

இளையவர் ஒருவர் ஹோம்ஸ் தன்பாலீர்ப்பாளர் என்றார். ஆசிரியை ஒருவர், எவர் மீதும் ஈர்ப்பு வராத மனிதரும் உண்டு என்றார். “இதெல்லாம் சபையில் கதைக்கும் விடயமா?” என்று எழுந்த மூத்தவர் இரண்டு றோல்ஸை எடுத்துக்கொண்டே வெளியேறினார்.

என் கருத்து இதுதான்: வாட்சன் எழுதாததை வைத்து எதையும் இல்லையென்று சொல்ல முடியாது. எழுத்தாளர் ஒஸ்கார் வைல்டுக்குத் தன்பாலுறவுக்காக 1895இல் இரண்டாண்டுக் கடூழியச் சிறை கொடுத்த லண்டன் நகரத்தில் இருந்துகொண்டு எழுதியவர் அவர். தன்பாலுறவைக் குற்றமாக்கும் எங்கள் தண்டனைச் சட்டக்கோவையின் 365ஏ பிரிவை நினைத்தால், அந்த நகரத்தைப் பார்த்து நாங்களும் அதிகம் சிரிக்க முடியாது.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். வரவும் செலவும் ஏறத்தாழச் சரி. குறைந்ததை ஒருவர் தன் கையிலிருந்து போட்டார், பெயர் வேண்டாம். 31 அங்கத்தவரில் 17 பேரின் சந்தா நிலுவையில் இருக்கிறது. ஹோம்ஸைப் பற்றி என்னோடு தொலைபேசியில் ஒரு மணி நேரம் சண்டை பிடித்தவரும் அந்த 17இல் அடக்கம்.

மண்டபம் தந்தவர்களுக்கும் தேநீர் பரிமாறிய இளைஞர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டு அகதா கிறிஸ்டியின் துப்பறிவாளர் புவாரோவை எடுக்கலாம் என்று ஓர் எண்ணம். செயலாளர் பதவிக்கு வேறு எவரேனும் முன்வந்தால் கொப்பியை மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். பாதிப் பக்கங்கள் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கின்றன. எழுதிய பாதியில் உள்ள கையெழுத்து மட்டும் என்னைத் தவிர எவருக்கும் விளங்காது.