ஆயா வீட்டு மாடியில் கிடைத்த முப்பது கேசட்டுகள் பற்றி

அன்புள்ள தம்பிக்கு,

ஆயா வீட்டு மாடியறையில் கிடைத்த டிவி கேம் பெட்டியையும் முப்பது கேசட்டுகளையும் படம் எடுத்து அனுப்பியிருந்தாய். இதைத் தொடக்கமாக வைத்து ஒரு சேகரிப்பு உண்டாக்கலாமா, ஆசைக்கு விளையாட மட்டும் வாங்கினால் போதுமா என்று கேட்டாய். சீல் பிரிக்காத நின்டெண்டோ கேசட் ஒன்றை யாரோ இணையத்தில் விற்பதையும் எழுதியிருந்தாய். சீல் கேசட் வேண்டாம். மற்றதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். படித்து முடிக்கும்வரை அந்தப் பழைய அடாப்டரை மட்டும் கரண்டில் செருகாதே.

2021 ஜூலையில் சீல் பிரிக்காத 'சூப்பர் மரியோ 64' ஒன்று அமெரிக்க ஏலத்தில் 15.6 லட்சம் டாலருக்குப் போனது. அடுத்த மாதமே 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' ஒன்று 20 லட்சம் டாலருக்கு விற்றது. இரண்டுமே கோடிக்கணக்கில் விற்றுத் தீர்ந்த ஆட்டங்கள். உள்ளே இருக்கும் சிப்புக்கும் பெட்டியில்லாமல் கிடைக்கும் கேசட்டின் சிப்புக்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது. அந்த விலை முழுக்க மேலே சுற்றிய பிளாஸ்டிக் தாளுக்கும், அட்டையின் முனை மழுங்காத நிலைக்கும், நிலையைப் பார்த்துத் தரம் போட்டு மூடிய கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பெட்டிக்கும் கொடுத்தது. போலி செய்ய மிகச் சுலபமானதும் அந்தத் தாள்தான். சூடுகாட்டினால் சுருங்கும் தாள் எந்தப் பரிசுப் பொருள் கடையிலும் இருக்கிறது. நின்டெண்டோவின் அசல் உறையில் பின்பக்கம் குறுக்காக ஓர் ஒட்டு ஓடும். அதைக் கையில் வைத்துப் பார்க்காமல், நான்கு போட்டோவை நம்பிப் பணம் அனுப்பக் கூடாது. அனுப்பி, நிஜமாகவே அசலாக வந்தாலும் உன்னால் அதை விளையாட முடியாது. பிரித்த நிமிடமே விலை விழுந்துவிடும்.

ஆகவே ஒவ்வொரு பொருளை வாங்கும்போதும் முதலில் ஒன்றை முடிவு செய்துகொள். ஆட்டம் வேண்டுமா, பொருள் வேண்டுமா? ஆட்டம் வேண்டுமென்றால் லேபிள் கிழிந்த, அட்டைப்பெட்டி இல்லாத, வேலை செய்கிற பிரதி போதும். அதைத் திறக்கலாம், துடைக்கலாம், பேட்டரி மாற்றலாம். பொருள் வேண்டுமென்றால் அதை மாற்றாமல், பழுதாகாமல், அதன் கதையோடு வைத்திருக்கும் பொறுப்பும் சேர்ந்து வரும். பொருளின் விலை கொடுத்து வாங்கி ஆட்டம்போல் நடத்துவதும், ஆட்டத்துக்கு வாங்கியதைப் பயந்து பயந்து அலமாரியில் பூட்டுவதும்தான் இந்தப் பழக்கத்தில் பணமும் சந்தோஷமும் வீணாகிற இடம்.

இனி உன் முப்பது கேசட்டுக்கு வருகிறேன். நின்டெண்டோவின் ஃபேமிகாம் ஜப்பானில் 1983 ஜூலை 15 அன்று வந்தது. அதன் கேசட்டுக்கு 60 பின், அதாவது பெட்டியைத் தொடும் உலோகப் பட்டைகள். அதையே மாற்றி 1985-இல் என்இஎஸ் என்ற பெயரில் அமெரிக்காவுக்கு அனுப்பிய பெட்டிக்கு 72 பின். நம்மூர்க் கடைகளில் விற்ற டிவி கேம்களில் பெரும்பாலானவை ஃபேமிகாமைப் பார்த்துச் செய்த குளோன்கள், ஆகவே 60 பின். உன் படத்தில் இருப்பதும் அதுதான். அமெரிக்கக் கேசட் வாங்கினால் இதில் நுழையாது; இடையில் பின் மாற்றும் அடாப்டர் வேண்டும்.

ஒரு கேசட்டின் திருகைக் கழற்றிப் பார். பச்சைப் பலகையில் தனித்தனி சிப்புக்குப் பதில் கறுப்பாக ஒரு சொட்டுக் கோந்து உறைந்ததுபோல் இருந்தால், அது எப்பாக்சி மூடிய சிப். மேலே '9999999 இன் 1' என்று அச்சிட்டிருக்கும். உள்ளே இருப்பது கைவிரல் எண்ணிக்கையைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அதே ஆட்டத்தை வேறு வேறு கட்டத்திலிருந்து தொடங்கி எண்ணிக்கையைப் பெருக்கியிருப்பார்கள். உலகச் சந்தையில் இதற்குப் பெரிய விலை எதுவும் கிடைக்காது. ஆனாலும் நீ சேகரிக்க வேண்டியது இதைத்தான் என்பேன்.

காரணம் சொல்கிறேன். அமெரிக்க, ஜப்பான் அசல்களைப் பாதுகாக்க அங்கே ஆயிரக்கணக்கில் ஆட்கள் இருக்கிறார்கள். காரைக்குடிக் கடையில் விற்ற குளோனின் அட்டைப்பெட்டி, வாரன்டி சீட்டு, மணிக்கணக்கில் வாடகைக்கு விட்ட கேசட்டில் மார்க்கரில் எழுதிய எண், கடை ஸ்டிக்கர், இவற்றை யாரும் எடுத்து வைக்கவில்லை. அங்கே முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் செட்டிநாட்டு வீடுகளின் தூணுக்கும் கதவுக்கும் எனாமல் தட்டுக்கும் விலை சொல்ல ஆள் உண்டு. டிவி கேமைப் பிளாஸ்டிக் என்று எடைக்குப் போடுவார்கள். வீடு காலி செய்கிறார்கள் என்று தெரிந்தால் பழைய இரும்புக் கடைக்குப் போகும் முன்பே கேட்டு வை. அதிகம் செலவாகாது.

வெளிநாட்டுக் குறிப்புகளைப் படித்தால் கடை ஸ்டிக்கரை லைட்டர் திரவம் தொட்டு உரித்தெடு என்று எழுதியிருப்பார்கள். அதை இங்கே செய்யாதே. நம் வீட்டு அண்டாவிலும் தூக்கிலும் வெட்டிய பெயரெழுத்தை யாரும் தேய்த்து அழிப்பதில்லையே. எந்த வீட்டுச் சாமான் என்று அதுதானே சொல்கிறது. அந்த ஸ்டிக்கரும் அப்படித்தான். அட்டையில் எழுதிய பெயர், விலை, பின்னால் குத்திய கடை முத்திரை எல்லாம் அப்படியே இருக்கட்டும்.

பேரேடு ஒன்று போடு. கணக்கு எழுதாத சேகரிப்பு ஐந்து வருடத்தில் குப்பையாகிவிடும். ஒரு வரிக்கு: எண், மேலே அச்சிட்ட பெயர், திரையில் வரும் பெயர் (இரண்டும் ஒன்றாக இருக்காது), பின் எண்ணிக்கை, எங்கே யாரிடம் எப்போது எவ்வளவுக்கு வாங்கியது, ஓடுகிறதா, என்ன பழுது பார்த்தது. முன்பின் இரண்டு போட்டோ. கேசட்டின் மேல் எண்ணை ஒட்டாதே, அதை வைக்கும் பையில் ஒட்டு.

இப்போது அடாப்டர். குளோன் பெட்டிகளில் பெரும்பாலும் 9 வோல்ட் டிசி. உள்ளே 7805 என்ற மூன்று கால் ரெகுலேட்டர் அதை 5 வோல்ட்டாக்கும். பிளக்கின் நடு ஓட்டை நெகடிவா பாசிடிவா என்பது பெட்டிக்குப் பெட்டி மாறும். பல குளோன்களில் திருப்பிக் கொடுத்தால் தடுக்கும் டயோடு கிடையாது. மாறிப் போனால் கெபாசிட்டர் வெடிக்கும், கறுப்புச் சொட்டுச் சிப் செத்துவிடும், அதற்கு மாற்று எங்கும் கிடைக்காது. மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, அடாப்டரைப் பெட்டியில் செருகாமல் கரண்டில் மட்டும் செருகி, சிவப்பு முனையை நடு ஓட்டையிலும் கறுப்பை வெளி வளையத்திலும் வை. எண்ணுக்கு முன் கழித்தல் குறி வந்தால் நடு நெகடிவ். பெட்டியின் பின்னால் அச்சிட்ட குறியோடு இது பொருந்த வேண்டும். பழைய டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டர் சுமையில்லாமல் 12, 13 காட்டினால் பயப்படாதே, அது இயல்பு. அதற்கு மேல் போனால் தூக்கிப் போட்டுவிட்டு 9 வோல்ட், 1 ஆம்பியரில் புதிது வாங்கு. டிசியில் பூஜ்யம், ஏசியில் 9 காட்டினால் அது ஏசி அடாப்டர்; என்இஎஸ் பெட்டிக்கு அப்படித்தான் வரும், உன் குளோனுக்கு ஆகாது. ஜப்பானிலிருந்து வந்த அசல் ஃபேமிகாம் அடாப்டர் 100 வோல்ட்டுக்குச் செய்தது. நம் 230-இல் செருகினால் அன்றே கதை முடிந்தது.

பெட்டியைத் திறந்து கெபாசிட்டர்களின் தலையைப் பார். உப்பியிருந்தாலோ அடியில் பிசுபிசுப்பு இருந்தாலோ அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது கூடுதல் வோல்ட் உள்ளதை மாற்று. கோடு போட்ட பக்கம் நெகடிவ்.

கேசட் ஓடாததற்குப் பத்தில் எட்டுத் தடவை அழுக்குதான் காரணம். வாயால் ஊதாதே, எச்சில் ஈரம் செம்பைக் களிம்பேற்றும். 99 விழுக்காடு ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் காதுக் குச்சியை நனைத்து, தங்க நிறப் பட்டைகளின் நீளவாக்கில் தேய். குச்சி கறுப்பாக வருவது நிற்கும்வரை மாற்று. பத்து நிமிடம் காயவிடு. விடாத கறைக்கு வெள்ளை ரப்பரால் மெதுவாக ஒருமுறை, பிறகு மறுபடி ஆல்கஹால். உப்புத்தாள் கூடாது, மேலே பூசிய மெல்லிய தங்கம் போய்விடும். கை சானிட்டைசரில் தண்ணீரும் கிளிசரினும் இருக்கும். தின்னர் பிளாஸ்டிக்கை உருக்கும். இரண்டும் வேண்டாம்.

ஜாய்ஸ்டிக் ஒரு பக்கம் வேலை செய்யாவிட்டால் ரப்பருக்கு அடியில் உள்ள கரித் துண்டைத் துடை. எல்லாப் பக்கமும் போனால் வயர்தான், அதுவும் பெட்டிக்குள் நுழையும் கழுத்தில். கழுத்தைத் தாண்டி ஐந்து சென்டிமீட்டர் வெட்டிவிட்டு மறுபடி பற்றவை. ஐந்து வயர்தான். நிறத்தை நம்பாமல் மல்டிமீட்டர் பீப் ஒலியில் பார்த்து இணை.

டிவியைப் பொறுத்தவரை ஒரு விஷயம் தெரிந்துகொள். நம்மூரில் 'பால்' (PAL) என்ற டிவி ஒளிபரப்பு முறை, நொடிக்கு 50 படம். இதில் ஓடும் 'கான்ட்ரா' ஆட்டத்தைப் பழைய பெட்டியைப்போல் நடிக்கும் கம்ப்யூட்டர் நிரலான எமுலேட்டரில் 60-இல் ஓட்டினால் ஐந்தில் ஒரு பங்கு வேகம் கூடும். உன் அப்பச்சி "இது அந்த ஆட்டம் இல்லையே" என்று சொன்னால் ஞாபகப் பிசகு இல்லை. எமுலேட்டரில் ரீஜன் என்ற இடத்தில் 'டென்டி' என்று ஒன்று இருக்கும், ரஷ்யாவில் விற்ற ஒரு குளோனின் பெயர் அது. அதைத் தேர்ந்தெடு, குளோன் வேகம் வரும். எல்இடி டிவியில் கேம் மோடு போட்டால்தான் பட்டனுக்கும் படத்துக்கும் இடையே உள்ள தாமதம் குறையும். துப்பாக்கி ஆட்டம் மட்டும் எல்இடியில் ஓடவே ஓடாது. அது பழைய குழாய் டிவியின் ஒளி ஓடும் முறையை நம்பிச் செய்தது. அதற்காகக் குழாய் டிவி வாங்கினால் அதன் முதுகைத் திறக்காதே, அணைத்த பிறகும் உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும்.

விளையாட வாங்குகிறாய் என்றால் எஸ்டி கார்டு போடும் ஃபிளாஷ் கேசட் ஒன்றும் எமுலேட்டரும் மிகச் சரியான வழி. இதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. பழைய ஆட்டங்களைப் பாதுகாக்கும் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010-க்கு முன் அமெரிக்காவில் வந்த ஆட்டங்களில் 87 விழுக்காடு அப்போது கடையில் விற்பனைக்கே இல்லை. உன் கறுப்புச் சொட்டுக் கேசட்டுகளும் ஈரம் ஏறி ஒவ்வொன்றாகச் சாகும், அவற்றைச் சரிசெய்யவும் முடியாது. ஓடும்போதே, கம்ப்யூட்டரோடு இணைக்கும் கேசட் ரீடரில் படித்துக் கோப்பாக எடுத்து வைப்பதைப் பேரேட்டின் ஒரு வேலையாக வைத்துக்கொள்.

நின்டெண்டோவின் கைப்பெட்டியான கேம் பாய் பக்கம் ஆசை போனால் போலியைப் பார்த்து வாங்கு. கேம் பாய் அட்வான்ஸ் அசல் கேசட்டின் லேபிளில் இரண்டு இலக்க எண் ஒன்று அழுத்திப் பதிந்திருக்கும், வெளிச்சத்தில் சாய்த்தால் தெரியும். 'போகிமான் ஃபயர் ரெட்' கேசட்டைத் திறந்து உள்ளே பேட்டரி இருந்தால் போலி. அசலில் பேட்டரியே கிடையாது. பழைய கேம் பாய் கேசட்டுகளில் சேமிப்பைக் காப்பது ஒரு 3 வோல்ட் பேட்டரி. அது தீர்ந்தால் கேசட் கெடவில்லை, சேமிப்பு மட்டும் நிற்காது. 3.8 மில்லிமீட்டர் கேம்பிட் என்ற தனித் திருப்புளியால் திறந்து, கால் வைத்த பேட்டரியை வாங்கி அந்தக் காலில் பற்றவை. பேட்டரி மேலேயே பற்றவைத்தால் சூட்டில் வெடிக்கும். கழற்றும் நொடியில் பழைய சேமிப்பு அழியும், முன்பே ரீடரில் எடுத்துவை.

பிளேஸ்டேஷன் டிஸ்க் என்றால் லேபிள் பக்கத்தைத்தான் கவனி. சிடியில் தகவல் அந்தப் பக்கத் தோலுக்குக் கீழே இருக்கிறது. அங்கே கீறினால் மருந்தில்லை. விளக்குக்கு நேரே பிடித்து ஊசித்துளை தெரிந்தால் வாங்காதே.

வைக்கும் இடம் கடைசி. இப்போது இருக்கும் மாடியறை ஆகாது, ஓட்டுச் சூடு பிளாஸ்டிக்கை மஞ்சளாக்கி நொறுங்க வைக்கும். முற்றம் இருக்கும் வளவை ஒட்டிய உள்ளறை குளிர்ச்சியாக இருக்கும், அதுவே நல்ல இடம். தரையில் வைக்காதே, கரையானும், ஆத்தங்குடிக் கல்லைத் துடைக்கும் ஈரமும் கீழிருந்துதான் வரும். மூடி இறுகும் பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு, ஐப்பசி கார்த்திகையில் மாதம் ஒருமுறை நிறம் மாறியதைச் சூடாக்கித் திருப்பிப் போடு. நாப்தலின் உருண்டை வேண்டாம், அதன் ஆவி சில பிளாஸ்டிக்கை இளக்கும். ரப்பர் பேண்டு உருகி அட்டையில் ஒட்டும். வயரைப் பெட்டியின் மேல் சுற்றி வைத்தால் வருடக்கணக்கில் அதன் தடம் பிளாஸ்டிக்கில் பதிந்துவிடும். தனியாகப் பையில் போடு. கைப்பெட்டிகளில் பேட்டரியைக் கழற்றிவிடு.

மல்டிமீட்டர் காட்டிய எண்ணையும், அதற்கு முன்னால் கழித்தல் குறி வந்ததா என்பதையும், அடாப்டர் ஓட்டைக்குப் பக்கத்தில் அச்சிட்ட குறியின் படத்தையும் அனுப்பு. பார்த்துச் சொன்ன பிறகு பெட்டியில் செருகலாம். அதுவரை கேசட்டில் ஒட்டிய கடை ஸ்டிக்கரை ஈரத்துணியால்கூடத் தொடாதே.

அன்புடன்,
அண்ணன்