அம்மம்மாவுக்கு ஒரு கீரைக் கதை

ஸ்காபரோ, கனடா

அன்பின் அம்மம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். உங்கள் சுகத்துக்கு வற்றாப்பளை அம்மனை வேண்டுகிறேன்.

நிற்க, போன கிழமை தொலைபேசியில் "அங்கை என்ன கீரை பிள்ளை சாப்பிடுறாய்?" என்று கேட்டீர்கள். பஸ் வந்ததால் சொல்லி முடிக்கவில்லை.

இங்கே பனி கரைந்து மே மாதம் வந்ததும் புல்தரை முழுக்க ஒரு மஞ்சள் பூ. டண்டலையன் என்கிறார்கள். சிங்கப்பல் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த பெயராம். இலையின் ஓரத்தைப் பார்த்தால் விளங்கும், வாள்போல வெட்டு வெட்டாக இருக்கும். சூரியகாந்திக் குடும்பம்தான். ஒரு பூவைப் பிய்த்துப் பார்த்தேன் அம்மம்மா. இதழ் என்று நாம் நினைப்பது ஒவ்வொன்றும் தனிப் பூ, நுனியில் ஐந்து சின்னப் பல். தண்டை முறித்தால் எருக்கலை மாதிரிப் பால் வடிகிறது. இரவில் பூ மூடிக்கொள்ளும்.

வீட்டுக்காரருக்கு இதைக் கண்ணில் காட்டக்கூடாது. 2009இலிருந்து ஒன்ராறியோவில் புல்தரை அழகுக்காகக் களைநாசினி அடிக்க விடமாட்டார்கள், அதனால் குந்தியிருந்து கிண்டுகிறார். வேர் முள்ளங்கிபோல நேரே கீழே போகிறது. ஒரு துண்டு மண்ணுக்குள் தங்கினாலும் திரும்ப முளைக்கும். 2010இல் இடம்பெயர்ந்தோர் முகாமால் மல்லாவிக்கு வந்து வளவு துப்புரவாக்கின நேரம், கோரைக்கிழங்கோடு நீங்கள் பட்ட பாடு நினைவுக்கு வந்தது.

பக்கத்து வீட்டு இத்தாலிக்காரப் பாட்டிதான் இதைக் கீரை என்று காட்டித் தந்தவர். பூக்க முதல் இளம் இலையாகப் பறிக்க வேண்டும், பிந்தினால் கசப்பு ஏறிவிடும் என்றார். நாய்கள் போகாத பின்வளவில் ஒரு சுளகளவு பறித்தேன். மெல்லிசாக அரிந்து, வெங்காயம், பச்சைமிளகாய், தேங்காய்ப்பூ போட்டு வறை வறுத்து, இறக்கித் தேசிக்காய் விட்டேன். முதல் வாயிலேயே உங்கள் குறிஞ்சா இலை வறை! சோறு மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டேன். அழுகையும் வந்தது, மறைக்கவில்லை.

ஆனாலும் நாக்கின் அடியில் கொஞ்சம் கசப்பு நின்றது. உங்கள் வறையில் அது நிற்காது. குறிஞ்சாவை அரிந்த பிறகு உப்புப் போட்டுப் பிசைவீர்களா, அப்படியே சட்டியில் போடுவீர்களா? தம்பியிடம் சொல்லி எழுதுவியுங்கள். இன்னும் இரண்டு கிழமைக்கு இளம் இலை இருக்கும்.

அன்புள்ள பேத்தி