இறங்காமல் மேலே போனதற்கும் சேர்த்து நன்றி

அன்று இரவு கொட்டுகிற பனியில் எங்களைப் பத்திரமாகத் தரையிறக்கிய கேப்டனுக்கும், துணை விமானிக்கும், அப்புறம் நான் முகமே பார்க்காத இன்னும் பல பேருக்கும் வணக்கம்.

சக்கரம் தரையைத் தொட்டதும் எல்லோரும் கைதட்டினோம், நியாயம்தான். ஆனால் கைதட்ட வேண்டிய நேரம் அதற்கு முன்பே ஒன்று வந்துபோனது, அப்போது நாங்கள் முணுமுணுத்துக்கொண்டிருந்தோம். இறங்கிக்கொண்டே வந்த விமானம் எஞ்சின் உறும, மூக்கைத் தூக்கிக்கொண்டு மறுபடி மேலே ஏறியதே, அதைச் சொல்கிறேன். ஜன்னலில் பார்த்தால் இறக்கை விளக்கு வெளிச்சத்தில் பனி கோடுகோடாகப் பறக்கிறது, வேறு ஒன்றும் தெரியவில்லை. பின்வரிசையில் யாரோ சாமியைக் கூப்பிட்டார். கொஞ்ச நேரம் கழித்து கேப்டன் பேசினார்: ஓடுபாதை விளக்குகள் கண்ணில் படவில்லை, அதனால் இறங்கவில்லை, கீழே மறுபடி பனி தள்ளுகிறார்கள், காத்திருக்க எரிபொருள் இருக்கிறது, சரிப்படாவிட்டால் வேறு விமான நிலையத்துக்குப் போவோம். அவ்வளவுதான், குரலில் ஒரு பதற்றமும் இல்லை.

விமானியாக இருக்கும் நண்பர் ஒருவர் பிறகு விளக்கிச் சொன்னபோதுதான் அது எவ்வளவு பெரிய முடிவு என்று உறைத்தது. தரையிலிருந்து வரும் ரேடியோ சமிக்ஞையைப் பிடித்துக்கொண்டு இறங்குகிற சாதாரண ஐஎல்எஸ் முறையில் 200 அடி உயரம் வரைக்கும் கருவிகளை நம்பி வரலாமாம். அங்கே ஓடுபாதையோ அதன் விளக்குகளோ கண்ணுக்குத் தெரிந்தாக வேண்டும். தெரியாவிட்டால் 'இன்னும் கொஞ்சம் இறங்கிப் பார்ப்போம்' என்ற பேச்சே கிடையாது. மணிக்குச் சுமார் 250 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற விமானத்துக்கு அந்த 200 அடி என்பது பதினைந்து இருபது விநாடி. பின்னால் ஒரு விமானம் நிறைய ஆட்கள், அடுத்த விமானத்தைப் பிடிக்கும் அவசரத்தில் பாதிப் பேர். வீம்பு பார்க்காமல் மேலே போனீர்களே கேப்டன், முதல் நன்றி அதற்குத்தான்.

இப்போதெல்லாம் விமானம் தானாகவே இறங்கிவிடுமே என்று என் பக்கத்து இருக்கைக்காரர் சொன்னார். இறங்கும்தான், பயணிகளோடு அப்படி இறங்குவது 1965லேயே தொடங்கிவிட்டது. ஆனால் அதற்கு விமானம், விமானி, ஓடுபாதை மூன்றுக்கும் தகுதி வேண்டும், பக்கவாட்டுக் காற்றுக்கும் வரம்பு உண்டு. இன்னொரு விஷயம் எனக்கு ஆச்சரியமாக இருந்தது: எந்தச் சரிவில் இறங்க வேண்டும் என்று காட்டும் சமிக்ஞை பல இடங்களில் ஆன்டெனாவுக்கு முன்னால் உள்ள தரையில் பட்டுத் தெறித்துத்தான் உருவாகிறதாம், அங்கே பனி ஆழமாகக் குவிந்தால் அந்தச் சரிவே பிசகலாம். ஆக எவ்வளவு நவீனக் கருவி வைத்தாலும் யாராவது போய்ப் பனியை அள்ளியாக வேண்டும்.

அந்த யாராவதுக்கு என் அடுத்த நன்றி, கொஞ்சம் அதிகமாகவே. நாங்கள் மேலே கதகதப்பாக வட்டமடித்துக்கொண்டிருந்தபோது நீங்கள் அந்தக் குளிரில் வண்டிகளைச் சாய்கோட்டில் ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டிப் பனியைத் தள்ளி, பெருக்கி, ஊதி எறிந்துகொண்டிருந்தீர்கள். சாலையில் போடும் உப்பை இங்கே போட முடியாது, விமானத்தின் உலோகத்தை அரித்துவிடும் என்பதால் அதற்கென்று வேறு ரசாயனம். அது முடிந்ததும் ஓடுபாதையை மூன்று பகுதியாகப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 6 வரை ஓர் எண் தருகிறீர்கள். 6 என்றால் காய்ந்த தரை, 0 என்றால் பிரேக் பிடிக்காது, இறங்கவே கூடாது. 2005 டிசம்பரில் சிகாகோவின் மிட்வே விமான நிலையத்தில் பனியில் இறங்கிய விமானம் ஓடுபாதையைத் தாண்டி, வேலியை உடைத்துச் சாலைக்குப் போய், காரில் இருந்த ஆறு வயதுச் சிறுவன் இறந்துபோனான். ஓடுபாதையின் நிலையை எப்படிச் சொல்வது என்று அதற்குப் பிறகுதான் அமெரிக்காவில் உட்கார்ந்து யோசித்தார்கள். 2021 நவம்பரில் இந்த எண் முறை உலக அளவில் நடைமுறைக்கு வந்தது.

எங்களுக்கு முன்னால் இறங்கி, பிரேக் எப்படிப் பிடித்தது என்று ரேடியோவில் சொல்லிவிட்டுப் போன அந்த முன்பின் தெரியாத விமானிக்கும் நன்றி. கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்களுக்கும்தான், பனி வண்டி ஒவ்வொன்றும் ஓடுபாதையை விட்டு விலகிவிட்டதா என்று உறுதி செய்த பிறகே எங்களை உள்ளே விட்டீர்கள்.

இறங்கும்போது டமால் என்று விழுந்ததைப் பற்றி வெளியே வரும்போது சிலர் குறைப்பட்டார்கள். அவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: வழுக்கும் ஓடுபாதையில் பூப்போல இறக்கக் கூடாதாம். சக்கரம் அழுத்தமாக ஊன்றிச் சுழன்றால்தான் இறக்கை மேல் தடுப்புகள் உடனே எழும், எடை சக்கரத்துக்கு வரும், பிரேக் பிடிக்கும். முதுகு கொஞ்சம் வலித்தது, பரவாயில்லை.

கடைசியாக, மேலே போனபோது அழ ஆரம்பித்த குழந்தையின் அம்மாவிடம் தன் இருக்கையில் இருந்தபடியே, பெல்ட்டைக் கழற்றாமல், விடாமல் பேசிக்கொண்டே வந்த பணிப்பெண்ணுக்கு. நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று எனக்குக் கேட்கவில்லை, ஆனால் உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் நானும் சும்மா இருந்தேன்.

விமான நிறுவனத்துக்குத் தனியாகப் பாராட்டுக் கடிதம் அனுப்பிவிட்டேன். ஆனால் பனி தள்ளுகிறவர்கள் அந்த நிறுவனத்தின் ஆட்கள் இல்லையாம், கடிதம் அவர்களிடம் போய்ச் சேருமா என்று தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்த யாராவது ஏதாவது ஓர் ஓடுபாதையில் அந்த வேலை செய்தால், இதை அவரிடம் காட்டிவிடுங்கள்.