பெயர் தெரிந்தும் 'வடக்கன்' என்பதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் எங்கள் தெருமுனைக் கடையில் பரோட்டாவுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த பையனை, அவனைவிடச் சின்னவன் ஒருவன் "ஏய், வடக்கா" என்று கூப்பிட்டான். நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். ஒடிசாவிலிருந்து வந்த அந்தப் பையன் தலை நிமிரவே இல்லை. அவன் பெயர் அங்கே எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் இப்படி அழைத்தது எனக்கு இன்னும் ஆறவில்லை.

நான் பிறந்ததே ராயபுரத்தில்தான். கடலோடிகளை விட்டால், இங்கே வெளியிலிருந்து வராதவர்கள் யார்? பாரிமுனைப் பக்கம் உள்ள அரண்மனைக்காரன் தெருவில் அரண்மனை ஏதும் கிடையாது. ஆர்மேனியர் என்ற சொல்தான் நம் வாய்க்கேற்ப அப்படித் திரிந்தது. 1772-இல் அவர்கள் கட்டிய மாதா கோயில் இன்றும் அத்தெருவில் நிற்கிறது. உலகின் முதல் ஆர்மேனியப் பத்திரிகை 1794-இல் நம் சென்னையில் அச்சானதைத் தாங்கள் அறிந்திருப்பீர்கள். பாரசீக வம்சாவளியினரான பார்சிகளின் அக்கினிக் கோயில் 1910 முதல் எங்கள் ராயபுரத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டில் அவர்களுக்கு வேறு கோயில் இல்லை. வெளியூர்க்காரர்கள் பலர் வந்து குடியேறிய சௌகார்பேட்டையையும் மண்ணடியையும் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

என் மனதுக்கு நெருக்கமானவர்கள் பர்மாவிலிருந்து வந்தவர்கள். 1964-இல் அந்நாட்டு அரசு கடைகளை எடுத்துக்கொண்ட பிறகு, தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் சொத்தையெல்லாம் விட்டுவிட்டுக் கப்பலில் வந்து இறங்கினார்கள். நம் ரத்தம்தான், ஆனாலும் 'பர்மாக்காரன்' என்று ஒதுக்கியே பார்த்தார்கள். எங்கள் பக்கத்து வீட்டு அக்கா அப்படி வந்தவர். எனக்குக் காய்ச்சல் என்றால் வாழைத்தண்டு சூப் வைத்து, மிளகு தூவித் தூக்குவாளியில் கொண்டுவருவார். முதல்முறை அம்மா தயங்கித்தான் வாங்கினார். பிறகு அக்காவிடமே பக்குவம் கேட்டுக்கொண்டார். தூக்குவாளி திரும்பிப் போகும்போது அதில் எங்கள் வீட்டு மீன் குழம்பு இருந்தது. எனக்குத் தெரிந்து என் ஊர் இனித்தது அந்தத் தூக்குவாளியால்தான்.

இன்று கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே, பர்மாவிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த அத்தோ விற்கும் கடைகளில் கூட்டம் அலைமோதுகிறது. நூடுல்ஸில் முட்டைக்கோஸும் புளித்தண்ணீரும் வறுத்த வெங்காயமும் பூண்டு எண்ணெயும் விட்டுக் கையால் பிசைந்து தருவார்கள். அதை அந்நிய உணவு என்று இங்கே யாரும் சொல்வதில்லை. 'வடக்கா' என்று கூப்பிட்டவனும் அங்கே சாப்பிட்டு வளர்ந்தவனாகத்தான் இருப்பான்.

பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து மெட்ரோ தூண்களை எழுப்பிய பிள்ளைகளுக்கு நாம் எந்தத் தூக்குவாளியை அனுப்பினோம்? நானும் அனுப்பியதில்லை. அதற்காக வெட்கப்படுகிறேன்.

பத்திரிகைகளிடமும் ஒரு வேண்டுகோள். குற்றச் செய்தி என்றால் 'வடமாநில வாலிபர்' என்று தலைப்பிலேயே போடுகிறார்கள். மதுரைக்காரர் திருடினால் ஊரைத் தலைப்பில் போடுவதில்லையே! இதை நிறுத்தும்படி மன்றாடிக் கேட்கிறேன். வடக்கிலிருந்து வந்தவர்கள் வீட்டுக் குழந்தைகள் நம் மாநகராட்சிப் பள்ளிகளில் தமிழ் படிக்கிறார்கள். அதை எழுதுங்கள்.

மறுநாள் அந்தப் பையனிடம், வெயில் காலத்தில் உங்கள் ஊரில் என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டேன். 'பகாள' என்றான். சோற்றில் தண்ணீர் ஊற்றி இரவு முழுக்க வைத்து, வெங்காயமும் பச்சை மிளகாயும் கடித்துக்கொள்வார்களாம். நம் பழைய சோறேதான்! ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ராயபுரம், சென்னை – 13